ஆடுகளத்திலேயே உருவான பயிற்சியாளர்: யோஹான் கிரைஃப், 1964–1996

யோஹான் கிரைஃபின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதை இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். 1964 முதல் 1978 வரை ஒப்பற்ற ஆட்டக்காரர். 1985க்குப் பின் பெரும் பயிற்சியாளர். இடைப்பட்ட ஏழு ஆண்டுகளோ, பன்றிப் பண்ணை உள்ளிட்ட முதலீடுகளில் சேமிப்பை இழந்த ஒருவர் பிழைப்புக்காக மீண்டும் ஆட வந்த காலமாகச் சில வரிகளில் முடிந்துவிடுகின்றன. அவருடைய பயிற்சிமுறை உருப்பெற்றது அந்த ஏழு ஆண்டுகளில்தான் என்பதும், அதன் வலிமையும் குறையும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

ஆம்ஸ்டர்டாமின் பெட்டோன்டார்ப் குடியிருப்பில் 1947இல் பிறந்தார் கிரைஃப். அயாக்ஸ் கிளப்பின் மைதானம் வீட்டிலிருந்து நடந்துபோகும் தொலைவில் இருந்தது. 1959இல் தந்தை இறந்தபின் தாய் அந்தக் கிளப்பிலேயே துப்புரவுப் பணி செய்தார். 1964 நவம்பரில், 17 வயதில், முதல் அணிக்கு ஆடினார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் ரினுஸ் மிக்கெல்ஸ் பயிற்சியாளராக வந்தார்.

மிக்கெல்ஸின் அணியில் எவரும் ஓரிடத்தில் நிலைத்து நிற்கவில்லை. நடு முன்கள வீரரான கிரைஃப் பின்னோக்கி இறங்குவார். எதிரணித் தற்காப்பாளர் அவரைத் தொடர்ந்து வந்தால் பின்னால் வெற்றிடம் விழும். அதற்குள் இன்னொருவர் ஓடுவார். ஆனால் யார் எந்த இடத்தை நிரப்புவது என்பதைக் களத்தில் நின்று ஒருவர் நொடிக்கு நொடி சொல்லியாக வேண்டும். மைதானத்தின் ஓரத்திலிருந்து அதைச் செய்ய முடியாது. அந்த வேலையைச் செய்தவர் கிரைஃப். பழைய ஒளிப்பதிவுகளைப் பார்ப்பவர்களுக்கு அவருடைய காலுக்கு இணையாகக் கையும் கண்ணில் படும்: சுட்டிக்கொண்டே இருக்கும். 1974 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் முதல் நிமிடத்தில், கோல்கீப்பர் தவிர்த்த நெதர்லாந்து வீரர்கள் அனைவருக்கும் பின்னால் நின்று பந்தை வாங்கி, ஜெர்மானியப் பெனால்ட்டி பகுதிவரை ஓடி வீழ்த்தப்பட்டார். நேஸ்கென்ஸ் பெனால்ட்டியைக் கோலாக்கும்வரை மேற்கு ஜெர்மனி பந்தைத் தொடவில்லை. ஆயினும் ஆட்டம் 2–1 என்று ஜெர்மனிக்கே போனது.

இந்த ஓயாத அறிவுறுத்தலுக்கு ஒரு விலையும் இருந்தது. 1971, 1972, 1973 என மூன்று ஐரோப்பியக் கோப்பைகளைத் தொடர்ந்து வென்ற பிறகு, அயாக்ஸ் வீரர்கள் வாக்கெடுப்பு நடத்தி பீட் கெய்சரைக் கேப்டனாகத் தேர்ந்தார்கள். கிரைஃப் மனம் புண்பட்டு பார்சிலோனாவுக்குப் போய்விட்டார். முதல் பருவத்திலேயே, 1960க்குப் பின் கிடைக்காத லீக் பட்டத்தை அக்கிளப்புக்கு வென்று தந்தார். ஆனால் சக வீரர்கள் அவருடைய கண்டிப்பை எவ்வளவு காலம் தாங்குவார்கள் என்ற கேள்வி பின்னாளிலும் அவரை விடவில்லை.

இப்போது அந்த ஏழு ஆண்டுகளுக்கு வருவோம். லாஸ் ஏஞ்சலிசிலும் வாஷிங்டனிலும் ஆடிய பிறகு, 1980இன் இறுதியில் அயாக்ஸின் தொழில்நுட்ப ஆலோசகரானார். நவம்பர் 30 அன்று ட்வென்டே அணியிடம் அயாக்ஸ் 1–3 எனப் பின்தங்கியிருந்தபோது, பார்வையாளர் பகுதியிலிருந்து இறங்கி வந்து பயிற்சியாளர் லியோ பேன்ஹாக்கரின் அருகே அமர்ந்து, களத்தை நோக்கி ஆணைகள் இடத் தொடங்கினார். அயாக்ஸ் 5–3 என்று வென்றது. பேன்ஹாக்கருக்கு நேர்ந்த சங்கடத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் ஆய்வாளருக்கு இது முக்கியமான சான்று. கிரைஃப் பந்தைத் தொடாமல் ஓர் ஆட்டத்தின் போக்கை மாற்றியது அன்றுதான் எல்லோர் கண்ணிலும் பட்டது.

1981 டிசம்பரில் அயாக்ஸுக்கே ஆட்டக்காரராகத் திரும்பினார். உடன் ஆடிய ரைக்கார்ட், வானன்பர்க், ஒல்சன் எல்லோரும் இளைஞர்கள். 1982 ஏப்ரலில் அவருக்கு மாற்றாகக் களமிறங்கித் தன் முதல் ஆட்டத்தைத் தொடங்கினார் 17 வயது மார்கோ வான் பாஸ்டன். 34 வயதைக் கடந்தவர் இருபது வயதினரைப் போல ஓட முடியாது; அவர்களை ஓடவைக்க முடியும். அவ்வணி 1982, 1983 ஆகிய இரு ஆண்டுகளும் லீக்கை வென்றது. ஒப்பந்தத்தைக் கிளப் நீட்டிக்காததால் பரம வைரியான ஃபெயனோர்டுக்குப் போனார். 1983 செப்டம்பரில் அயாக்ஸிடம் 8–2 என்று தோற்ற அந்த அணி, அதே பருவத்தில் லீக்கையும் கோப்பையையும் சேர்த்தே வென்றது. அங்கே அவருடன் ஆடிய இளைஞர்களுள் ஒருவர் ரூட் குல்லிட். பயிற்சியாளர் பதவி இல்லாமலேயே மூன்று பருவங்கள் கிரைஃப் பயிற்சி கொடுத்தார் என்றே நான் இதைப் படிக்கிறேன்.

1985இல் அயாக்ஸ் அவரைப் பொறுப்பில் அமர்த்தியபோது, பயிற்சியாளர் உரிமம் அவரிடம் இல்லை. ஆகவே 'தொழில்நுட்ப இயக்குநர்' என்று பெயரிட்டார்கள். முதல் பருவத்தில் அணி லீக்கில் 120 கோல் அடித்தும் பட்டம் பி.எஸ்.வி. ஐந்தோவனுக்குப் போனது. கோல்கீப்பர் ஸ்டான்லி மென்சோ பெனால்ட்டி பகுதிக்கு வெளியே வந்து கூடுதல் தற்காப்பாளர்போல் ஆடினார். 1987இல் லைப்சிக் அணியை வீழ்த்திக் கோப்பை வென்றோர் கோப்பையையும் பெற்றார்கள். ஆனால் அதே ஆண்டு இலையுதிர் காலத்தில், கிரைஃபின் கண்டிப்பைப் பொறுக்காமல் ரைக்கார்ட் பயிற்சியிலிருந்து வெளியேறினார். பிறகு கிரைஃபின் கீழ் அவர் ஆடவில்லை. 1973இன் கதை வேறு ஆட்களோடு மீண்டும் நடந்தது.

1988 மே மாதம் அவர் பார்சிலோனாவுக்கு வந்தபோது கிளப் சிதைந்து கிடந்தது. ஏப்ரலில் வீரர்கள் ஹெஸ்பீரியா ஓட்டலில் கூடி, தலைவர் நூன்யெஸ் பதவி விலக வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டிருந்தார்கள். கிரைஃப் ஏறக்குறைய அணி முழுவதையும் மாற்றினார்: பகேரோ, பெகிரிஸ்தைன், பிறகு கூமான், லாட்ரப், ஸ்டோய்ச்கோவ். ஆனால் அவருக்கு இருந்த அடிப்படைச் சிக்கல் வேறு. தன் முறை இயங்கக் களத்துக்குள் ஒரு மூளை வேண்டும்; முன்பு அது தானே. இப்போது தான் ஓரத்தில். இதற்கு அவர் கண்ட விடை, தற்காப்புக்கு முன்னால் நின்று ஆட்டத்தை நடத்தும் ஒற்றை நடுக்கள வீரர். அவ்விடத்தில் ஆடிய மில்லா 1990இல் ரியல் மாட்ரிட்டுக்குப் போனதும், டிசம்பரில் 19 வயது பெப் குவார்டியோலாவை இறக்கினார். வேகமோ உடல்பலமோ இல்லாத இளைஞர். ஆனால் பந்து வருமுன்பே அடுத்து எங்கே போகவேண்டும் என்று அறிந்தவர். கிரைஃப் தேடியது அதைத்தான்.

1991 முதல் 1994 வரை தொடர்ந்து நான்கு லீக் பட்டங்கள். அவற்றுள் கடைசி மூன்று, பருவத்தின் இறுதி நாளில் கிடைத்தவை. 1992 மே 20 அன்று வெம்பிளியில், கூடுதல் நேரத்தில் கூமான் அடித்த ஃப்ரீ கிக், கிளப்பின் முதல் ஐரோப்பியக் கோப்பையைத் தந்தது.

1994 ஏதென்ஸ் இறுதியில் மிலனிடம் 4–0 என்று தோற்றது தற்செயல் அன்று. பரேசியும் கோஸ்டகூர்ட்டாவும் தடையால் ஆடாத மிலனை கிரைஃப் குறைத்து மதிப்பிட்டார். தெசைலி நடுக்களத்தை ஆக்கிரமித்ததும் குவார்டியோலா வழியே ஓடிய ஆட்டம் நின்றுபோனது. ஒரு மூளையை நம்பிய அணிக்கு, அந்த ஒருவரை அடைத்தால் போதும். தோல்விக்குப் பின் கோல்கீப்பர் சுபிசரேட்டா விடுவிக்கப்பட்டார். இறுதி ஆட்டத்தில் இடம் கிடைக்காத லாட்ரப் ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். அடுத்த இரு பருவங்களில் பெரிய கோப்பை ஏதும் இல்லை. 1996 மே மாதம் நூன்யெஸ் அவரை நீக்கினார். அதன்பின் கிரைஃப் எந்தக் கிளப்புக்கும் பயிற்சியாளராகவில்லை.

2003இல் பார்சிலோனாவின் புதிய தலைவர் லப்போர்ட்டாவுக்குப் பயிற்சியாளராக அவர் பரிந்துரைத்த பெயர், 1987இல் தன்னோடு சண்டையிட்டு வெளியேறிய ஃபிராங்க் ரைக்கார்ட். ரைக்கார்டின் அணி 2006இல் ஐரோப்பாவை வென்றது. 2008இல் அவருக்கு அடுத்து அந்தப் பொறுப்பை ஏற்றவர் குவார்டியோலா.