விகாஸ் எஞ்சினும் நம்பி நாராயணனும்

பாலோடு நீரைக் கலந்து வைத்தால், நீரை ஒதுக்கிப் பாலை மட்டும் பருகுமாம் அன்னம். நன்மையையும் தீமையையும் பகுத்தறியும் விவேகத்துக்கு நம் முன்னோர் இப்பறவையையே உவமையாகக் காட்டினர். இயந்திரக் கலையிலும் இந்த அன்னத்தின் வேலை உண்டு. திரவத்தையும் வாயுவையும் ஒன்றோடொன்று கலவாமல் பிரித்து வைப்பதே அவ்வேலை. அத்தகைய வேலை நிறைந்த எஞ்சினொன்றுக்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்ட தமிழர் ஒருவரின் வரலாற்றை நம் சங்க இளைஞருக்கும் பெரியோருக்கும் ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

வயலுக்கு நீர் இறைக்கும் பம்பியைப் பாருங்கள். உறிஞ்சு குழாயில் எங்கேனும் சிறு வெடிப்பு இருந்து காற்று உட்புகுந்தால், இயந்திரம் ஓடும். நீர் மட்டும் வராது. கடலுக்குப் போகும் வள்ளத்தின் டீசல் எஞ்சினிலும் அப்படியே. எண்ணெய்க் குழாயில் காற்றுப் பிடித்தால் எஞ்சின் இருமி இருமி நின்றுவிடும். காற்றை வெளியேற்றிய பின்னரே அது மீண்டும் உயிர்பெறும். வயலிலும் கடலிலும் நேர்ந்தால் ஒரு மணி நேர வேலை கெடும். வான்வெளிக்குச் செல்லும் றொக்கற்றில் நேர்ந்தால் பல ஆண்டு உழைப்பு ஒரு கணத்தில் சாம்பலாகும்.

இந்தத் துறைக்கு வந்தவர் நம்பி நாராயணன். 1941 டிசம்பர் 12 இல் நாகர்கோவிலில் பிறந்தார். மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் கற்றார். 1966 இல் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா ஏவுதளத்திற் சேர்ந்தார். கடற்கரை மீனவர் ஊரொன்றில், ஒரு தேவாலயக் கட்டடத்தையே வேலைக்கூடமாகக் கொண்டு இந்திய விண்வெளி ஆராய்ச்சி தளர்நடை பயின்ற காலம் அது. அதன் தந்தையான விக்கிரம் சாராபாய் இவ்விளைஞரின் ஆற்றலைக் கண்டுகொண்டார். 1969 இல் இவர் அமெரிக்கா சென்று, பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் லூயிஜி குறோக்கோவின் கீழ் றொக்கற் உந்துவிசை பயின்று பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பினார்.

அக்காலத்தில் இந்தியாவில் வெடிமருந்து போன்ற திண்ம எரிபொருளையே பெரிதும் நம்பியிருந்தனர். பாரமான செய்மதிகளை உயரத்துக்கு அனுப்பத் திரவ எரிபொருளே வேண்டும் என வாதிட்டோருள் நம்பி முதன்மையானவர். ஆனால் அக்கலையைக் கற்பிப்பார் யார்?

நம் ஊர்த் திரௌபதை அம்மன் ஆலயத்தில் ஆண்டுதோறும் அருச்சுனன் தவநிலைச் சடங்கைக் காண்கின்றோம். பாசுபதம் வேண்டிய விசயன், அதனை விலை கொடுத்து வாங்கவில்லை. தவம் புரிந்து பெற்றான். 1974 இல் இந்திய விண்வெளி நிறுவனம் பிரான்சு நாட்டின் செப் என்னும் நிறுவனத்தோடு செய்த உடன்படிக்கையும் அத்தகையதே. பிரான்சியர் அப்பொழுது ஏரியான் றொக்கற்றுக்காக வைக்கிங் என்னும் திரவ எஞ்சினை ஆக்கிக்கொண்டிருந்தனர். அதன் நுட்பத்துக்கு இந்தியா கொடுக்க ஒப்பிய விலை உழைப்பு. இந்தியப் பொறியியலாளர் 100 மனித ஆண்டுகள் அங்கே வேலை செய்வர். அதற்கு ஈடாக எஞ்சினின் நுட்பம் தரப்படும். நம்பியின் தலைமையில் இளம் பொறியியலாளர் குழுவொன்று பிரான்சு சென்று, அவர் மொழியைக் கற்று, அவர் பட்டறையில் நின்று, அவ்வித்தையைக் கைவசப்படுத்தியது.

அவ்வித்தையின் அருமையைச் சிறிது கூறுவோம். இந்த எஞ்சினுக்கு இரண்டு திரவங்கள். ஒன்று எரிபொருள், மற்றையது அதனை எரியச் செய்யும் நைதரசன் நாலொட்சைட்டு. இரண்டும் ஒன்றையொன்று தொட்டவுடனே தாமாகத் தீப்பற்றும். தாங்கியிலுள்ள திரவத்தை மேலிருந்து அமுக்கித் தள்ளுவதற்கு வாயு வேண்டும். ஆனால் அதே வாயு திரவத்தோடு கூடிப் பம்பியினுள் புகக் கூடாது. தொட்டியின் அடித்துளையால் நீர் வடியும்போது சுழி உண்டாகி, அதன் நடுவே காற்று இறங்குவதைக் கண்டிருப்பீர்கள். தாங்கியிலும் அச்சுழி எழும். ஆகவே வாயிலருகே தகடுகளை நிறுத்திச் சுழியை உடைப்பர். மேலும், அதிவேகமாய்ச் சுழலும் பம்பியின் வாயில் அமுக்கம் குறைந்தால், திரவமே கொதித்துக் குமிழியாகும். அக்குமிழிகள் உடையும்போது உருக்குத் தகட்டையும் அரித்துவிடும். இத்தனைக்கும் இடமின்றி, ஒவ்வொரு செக்கனிலும் ஏறக்குறைய 270 கிலோ திரவத்தை எரியறைக்கு ஊட்ட வேண்டும்! பம்பியைச் சுழற்றுவதற்கோ தனியே ஒரு சிறு எரியறை; அங்கே பிறக்கும் வாயுவின் சூட்டைத் தணிக்க நீரும் செலுத்தப்படுகிறது. ஒருபுறம் திரவமும் வாயுவும் பிரிய வேண்டும். மறுபுறம் அளவோடு கூட வேண்டும். வைக்கிங் எஞ்சினைப் படைத்த பிரான்சியருக்கே இது எளிதாக இருக்கவில்லை. 1980 மே 23 இல், அவ்வெஞ்சின் ஒன்றில் எரிதல் நிலை குலைந்தமையால், ஏரியானின் இரண்டாவது பயணம் அழிந்தது.

1985 இல் இந்தியர் ஆக்கிய எஞ்சின் பிரான்சிலே பரிசோதிக்கப்பட்டு வெற்றி கண்டது. அதற்கு விகாஸ் என்று பெயர். வளர்ச்சி என்பது அச்சொல்லின் பொருள். சாராபாயின் பெயரெழுத்துக்களும் அதனுள் மறைந்திருக்கின்றன என்பர். 1994 அக்டோபர் 15 இல், விகாஸை இரண்டாம் கட்டமாகக் கொண்ட பி.எஸ்.எல்.வி. றொக்கற் முதன்முறையாகச் செய்மதியை வெற்றியுடன் வானில் நிறுத்தியது.

வெற்றி கிட்டி ஏழு வாரமும் செல்லுமுன், 1994 நவம்பர் 30 இல், நம்பி நாராயணன் கைது செய்யப்பட்டார். விண்வெளி இரகசியங்களைப் பிறநாட்டுக்கு விற்றார் என்பது குற்றச்சாட்டு. கடுங்குளிர் எரிபொருளால் இயங்கும் கிறையோஜெனிக் எஞ்சினின் நுட்பமும் அதிற் சேர்த்துப் பேசப்பட்டது. இந்தியாவிடம் அந்நாளில் அந்த எஞ்சினே இல்லை! சொந்தக் கிறையோஜெனிக் எஞ்சினோடு இந்திய றொக்கற் வெற்றியுடன் பறந்தது 2014 சனவரி 5 இலேதான். இல்லாத பொருளை விற்றார் என்ற கதையைப் பத்திரிகைகள் எழுதின; மக்கள் நம்பினர். 50 நாள் அவர் சிறையிலிருந்தார். வீதியில் அவர் குடும்பத்தாரைத் துரோகியின் உறவினரென்று தூற்றினர்.

பாலையும் நீரையும் பிரிக்க வேண்டிய அன்னம் அன்று எங்கே போயிற்று?

1996 இல் இந்திய மத்திய புலனாய்வுத் துறை இக்குற்றச்சாட்டுப் பொய்யென்று அறிக்கை செய்தது. 1998 இல் உச்ச நீதிமன்றமும் வழக்கை மீண்டும் கிளறுவதற்கு இடந்தரவில்லை. நம்பியோ அத்தோடு அமையவில்லை. தாம் விடுபட்டது போதாது. இவ்வநீதியைச் செய்தோர் பதில் சொல்ல வேண்டும் எனப் போராடினார். 2018 செப்டம்பர் 14 இல் உச்ச நீதிமன்றம், அவர் தேவையின்றிக் கைது செய்யப்பட்டுத் துன்புறுத்தப்பட்டார் எனத் தீர்ப்பளித்து, 50 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கக் கட்டளையிட்டது. 2019 இல் பத்மபூஷண் விருது அவரைச் சேர்ந்தது. பாண்டவருக்கு வனவாசமும் அஞ்ஞாதவாசமும் 13 ஆண்டு. இவருக்கோ 24 ஆண்டு.

மனிதன் மேல் சேறு வீசப்பட்ட அவ்வாண்டுகளிலும் எஞ்சின் தன் கடனைச் செய்துகொண்டே இருந்தது. 2008 இல் சந்திரயான், 2013 இல் மங்கள்யான் ஆகியவற்றை ஏற்றிச் சென்ற றொக்கற்றுகளில் விகாஸ் இருந்தது. 2023 ஆகஸ்ட் 23 இல் சந்திரனின் தென்முனையருகே இறங்கிய சந்திரயான் 3 ஐச் சுமந்த றொக்கற்றிலும் இரண்டு விகாஸ் எஞ்சின்கள் எரிந்தன. அவதூற்றால் ஒருவனுடைய பெயரைக் கெடுக்கலாம். அவன் செம்மையாகச் செய்த வேலையைக் கெடுக்க முடியாது.

விகாஸ் பரிசோதிக்கப்படும் இடம் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரி. அனுமன் இலங்கையை நோக்கித் தாவியது மகேந்திர மலையிலிருந்தென இராமகாதை சொல்லும். அம்மலை இதுவே என்பது அப்பகுதி மக்களின் நம்பிக்கை. கடலுக்கு அப்பால் அத்துணை அண்மையில் நம்மவர் செய்த அருஞ்செயல் இது. நாகர்கோவில் வீதியிலிருந்து புறப்பட்ட ஒருவருக்கு இயன்றது, பாண்டிருப்பு வீதியிலிருந்து புறப்படுவார்க்கு இயலாதோ?

இளைஞர்களே! பட்டறையையும் கணிதத்தையும் அஞ்சாதீர். பிறரிடம் கற்க நாணாதீர். கற்றதைச் சொந்தமாக்காமல் உறங்காதீர். பெரியோர்களே! ஊரில் ஒருவர் மேல் பழி எழும்போது, சான்று வருமுன் தீர்ப்புக் கூறாதிருப்போம். எஞ்சினுக்கு வேண்டிய அதே அன்னம் நம் சமூகத்துக்கும் வேண்டும்.