கல்லுடைக்கும் கலையும் வரலாற்றின் சான்றும்

ஆற்றுப் படுகையிலே கிடக்கும் ஆயிரம் கற்களுள் ஒன்றை எடுத்து, "இது மனிதன் செய்த கருவி" என்று ஒருவர் கூறினால் நாம் எவ்வாறு நம்புவது? கல்லில் எழுத்தில்லை, செய்தவன் பெயரும் இல்லை. வெள்ளத்தில் உருண்டு உடைந்த கல்லுக்கும், ஒருவன் எண்ணி உடைத்த கல்லுக்கும் வேறுபாடு யாது? இவ்வினாவுக்கு விடை காண நூல்களைப் புரட்டியது மட்டும் போதவில்லை. அறிஞர்கள் தாமே கல்லை எடுத்து உடைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

பிரான்சு நாட்டில் அப்வீல் நகரத்துச் சுங்க அதிகாரியாக இருந்த பூஷே தெ பெர்த் என்பவர், சோம் ஆற்றுச் சரளை மண்ணில், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு சிக்கிமுக்கிக் கற்கோடரிகளும் கிடைப்பதை 1840-களிலேயே எடுத்துக் கூறினார். பலர் நகைத்தனர். 1859-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து ஜோசப் பிரெஸ்ட்விச், ஜான் எவன்ஸ் ஆகிய இருவரும் நேரிற் சென்று கண்டு, அவர் கூற்று மெய்யென்று அறிவித்தனர். மனித குலத்தின் தொன்மை அன்று நிலைநாட்டப்பட்டது.

இந்த எவன்ஸ் தொழிலால் காகித ஆலை நடத்தியவர். பழங்காசுகளையும் பழங்கருவிகளையும் ஆராய்வது அவருடைய ஓய்வுக் காலப் பணி. பண்டைய மனிதனிடம் உலோகம் இல்லையாதலின், கூழாங்கல்லையும் மான்கொம்பையும் கொண்டே கற்கருவிகளைச் செய்ய இயலுமா என்று தம் கையாலேயே அவர் சோதித்தார். இயலும் எனக் கண்டு, தம் அனுபவத்தை 1872-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

சிக்கிமுக்கிக் கல் உடையும் முறை தனித்தன்மை வாய்ந்தது. விளிம்பருகே தக்க கோணத்தில் ஓங்கித் தட்டினால், அடியின் விசை கல்லினுள் கூம்பு போல் பரவி, சிப்பியோட்டை ஒத்த ஒரு சில்லு பெயர்கின்றது. அச்சில்லின் உட்புறத்தில், அடிபட்ட இடத்தை அடுத்து ஒரு சிறு புடைப்பும், நீரில் எழும் அலைபோன்ற வரிகளும் தோன்றும். இயற்கையிலும் இவ்வடையாளங்கள் எப்போதாவது நேரலாம். ஆனால், ஒரே கல்லின் இரு புறமும் வரிசையாகச் சில்லுகள் பெயர்ந்து, ஒரே கூர்விளிம்பை நோக்கி அவை அமைந்திருக்குமாயின், அங்கே ஒரு நோக்கம் இருந்தது என்பது தெளிவு.

இக்கலைக்கு வேண்டிய கருவிகள் சிலவே. பெருஞ்சில்லுகளைப் பெயர்க்க ஓர் உருண்டைக் கூழாங்கல். மெல்லிய சில்லுகளை எடுக்க மான்கொம்புத் தடி. விளிம்பை அழுத்திச் சிறு துணுக்குகளை நீக்கக் கொம்பின் கூர்முனை. விளிம்பைத் தேய்த்து உறுதிப்படுத்த ஒரு மணற்கல். கையையும் தொடையையும் காக்கத் தடித்த தோல். இக்காலப் பொழுதுபோக்காளர் பலர் கொம்பிற்குப் பதிலாகச் செம்பு முனையைக் கையாள்கின்றனர். கண்ணாடியும் கையுறையும் இன்றியமையாதவை. கல்தூசி நுரையீரலை அரிக்கும். துப்பாக்கிகளுக்குச் சிக்கிமுக்கிக் கல் செதுக்கிய இங்கிலாந்தின் பிராண்டன் ஊர்த் தொழிலாளர் பலர் அந்நோயால் மாண்டனர். ஆகவே, இதனைத் திறந்தவெளியிலேயே, தூசியைச் சுவாசியாதபடி முகமூடி அணிந்து செய்தல் வேண்டும்.

கைத்திறன் உண்மைக்குத் துணை செய்வது போலவே பொய்க்கும் துணை செய்யும். இங்கிலாந்தின் யார்க்ஷயர்ப் பகுதியைச் சேர்ந்த எட்வர்டு சிம்சன் என்பவர் போலி அம்புமுனைகளைச் செய்து, பழம்பொருள் என்று விற்றுப் பிழைத்தார்; 'ஃபிளிண்ட் ஜாக்' என்பது அவர் பட்டப்பெயர். 1862-இல் லண்டனில் புவியியல் ஆர்வலர் கூட்டமொன்றில், தம் வித்தையை அவர் எல்லோர் முன்னிலையிலும் செய்து காட்டினார். அடுத்த ஆண்டு, அப்வீல் அருகே மூலேன் கிஞோன் என்னுமிடத்தில், மனிதத் தாடையெலும்பு ஒன்றும் சில கோடரிகளும் வெளிப்பட்டன. அக்கோடரிகள் புதிதாகச் செய்யப்பட்டவை என்று எவன்ஸ் மறுத்தார். பரிசுக்கு ஆசைப்பட்ட கூலியாட்கள் அவற்றைப் புதைத்திருந்தனர். நான்கு ஆண்டுகளுக்கு முன் நிலைநாட்டிய உண்மையையே அப்பொய் அசைத்திருக்கக் கூடும். கல்லையும் அதன் முறிவையும் நன்கறிந்தவர்கள் இருந்தமையால் அவ்வாறு நேரவில்லை.

அதே 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், சென்னையை அடுத்த பல்லாவரத்துச் சரளை மண்ணில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அது சிக்கிமுக்கிக் கல்லன்று. குவார்ட்சைட் என்னும் கடினமான கல். பொருள் வேறாயினும், மனிதன் செதுக்கிய முறையை ஃபூட் இனங்கண்டார். செப்டம்பர் மாதத்தில் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்திற் கண்ட கருவிகளின் புகழ் இன்று உலகறிந்தது. அவ்விடத்துப் பழங்கருவிகள் சுமார் 15 இலட்சம் ஆண்டுத் தொன்மையுடையவை என்று 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இருபதாம் நூற்றாண்டில், அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தவரான டான் கிராப்டிரீ, இளமையில் பொழுதுபோக்காகத் தொடங்கிய கல்செதுக்கலை ஓர் ஆய்வுமுறையாகவே உயர்த்தினார். ஃபோல்சம் ஈட்டிமுனையின் நடுவே ஓடும் நீண்ட பள்ளம் எவ்வாறு எடுக்கப்பட்டது என்பதைப் பல வழிகளிற் சோதித்து, 1966-இல் எழுதினார். பிரெஞ்சு அறிஞர் பிரான்சுவா போர்தும் கல் செதுக்குவதில் வல்லவர். இருவரும் 1964-இல் பிரான்சில் சந்தித்தனர்; ஒருவர் செதுக்குவதை மற்றவர் கண்டு கற்றனர்.

மாணவர்களுக்கு ஒன்று கூற விரும்புகிறேன். இக்கலையைப் பயில்வோர், தாம் செய்த கருவியில் பெயரையும் நாளையும் அழியாதபடி பொறிக்க வேண்டும்; உதிர்ந்த சில்லுகளை ஒன்று விடாமற் கூட்டி அகற்ற வேண்டும். பழங்கற்கால இடங்களிற் கிடக்கும் கல்லைப் பெயர்த்தெடுப்பதும், அங்கே புதுச் சில்லுகளை விட்டு வருவதும், ஏட்டைக் கிழிப்பதற்கும் ஏட்டில் பொய் எழுதுவதற்கும் ஒப்பாகும். எழுத்தறியா மக்கள் நமக்கு விட்டுச் சென்ற ஏடு அந்தக் கற்களே. அவற்றைப் படிக்கக் கற்போம். திருத்தி எழுத முற்படாதிருப்போம்.