பந்தும் பங்கு இலாபமும்

வெருகலாற்று மணலில் மாலை வேளைகளில் உதைபந்தாடும் இளைஞரிடையே மான்செஸ்டர் யுனைட்டெட்டின் செஞ்சட்டையைக் காண்கிறோம். 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாயிருந்த திருகோணமலைப் பகுதிக்கு இங்கிலாந்தின் பொருள்கள் புதியனவல்ல. ஆயின் அச்சட்டையின் வரலாற்றை அவர்களுக்குச் சொல்வார் இல்லை.

1878இல் நியூட்டன் ஹீத் இரயில்வேத் தொழிலாளர் தொடங்கிய குழுவே அது. தொழிலாளரின் காசில் வளர்ந்த அவ்வாட்டத்தை விரைவிலேயே கம்பெனிகள் நடத்தலாயின. அப்போது இரண்டு உச்சவரம்புகள் வகுக்கப்பட்டன. ஒன்று வீரனின் கூலிக்கு: 1901இல் வாரத்துக்கு 4 பவுண். மற்றொன்று பங்குதாரர் பெறும் இலாபத்துக்கு. ஆட்டம் வேட்டைக்காடாகிவிடக் கூடாதென்று உதைபந்தாட்டச் சங்கமே அதை விதித்தது.

இவ்விரண்டும் நீங்கிய விதத்தைக் கவனிக்க வேண்டும். கூலி வரம்பு 60 ஆண்டுகள் நின்றது. அரங்குகள் நிரம்பி வழிந்த காலத்திலும் வீரனுக்கு 20 பவுணுக்கு மேல் கிடையாது. ஜிம்மி ஹில் தலைமையில் வீரர் சங்கம் வேலைநிறுத்தத்துக்கு ஆயத்தமான பின்னரே, 1961 ஜனவரியில் அது ஒழிந்தது. இலாப வரம்பைத் தாண்டவோ எவரும் வேலைநிறுத்தம் செய்யவில்லை. 1983இல் டொட்டன்ஹாம் கழகத்தின் உடைமையாளர் கழகத்துக்கு மேலே இன்னொரு கம்பெனியை நிறுவி, அதன் பங்குகளைச் சந்தையில் விற்றனர். விதி கழகத்தைத்தான் கட்டியது. மேலே இருந்த கம்பெனியை அன்று. சட்டத்தைக் கற்றவர் வேண்டிய அளவு கிடைக்கும் நாடல்லவா அது! 2005இல் கிளேசர் குடும்பம் மான்செஸ்டர் கழகத்தை வாங்கியபோது, வாங்குவதற்குப் பெற்ற கடனின் பெரும்பகுதி கழகத்தின் தலையிலேயே ஏற்றப்பட்டது. ரசிகன் நுழைவுச்சீட்டுக்குக் கொடுத்த காசிலிருந்து வட்டி போயிற்று.

“இலாபமே இல்லாத இடத்தில் பேராசை ஏது?” என்று கேட்பாரும் உளர். அண்டை நாட்டைப் பார்ப்போம். 2010இல் இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனம் வணிக உரிமைகளை 15 ஆண்டுகளுக்கு, 700 கோடி ரூபாய்க்கு, ஐ.எம்.ஜி.–ரிலையன்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. 2014இல் பிறந்த சூப்பர் லீக்கின் கழக உடைமையாளர் நட்டக் கணக்கையே காட்டி வந்தனர். அது பொய்யென்று நாம் சொல்லவில்லை. அந்நட்டத்தைச் சுமந்தவர் யார் என்றே கேட்கிறோம். ஒப்பந்தம் முடிவுறும் ஆண்டாகிய 2025இல் புதிய பருவம் தொடங்காது நின்றது. ஆகஸ்டில் பெங்களூருக் கழகம் வீரர், பணியாளர் சம்பளத்தை நிறுத்தியது. சென்னைக் கழகம் தன் செயற்பாடுகளையே நிறுத்தியது. நவம்பரில் வீரர்கள் கூட்டாக ஓர் அறிக்கை விடுத்தனர். தங்களை ஆடவிட வேண்டும் என்பதே அதில் அவர்கள் கேட்டது.