உணவு ஒவ்வாமையுள்ள குழந்தைகள்: மைசூர்ச் சமையலும் வளர்ப்பும்

உணவிலுள்ள ஏதோ ஒரு புரதத்துக்கு எதிராக உடல் ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளை உண்டாக்கி வைத்திருந்தால், அந்த உணவு மறுபடி உள்ளே போகும்போது சில நிமிடங்களில், பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள், உணவு ஒவ்வாமை வெளிப்படலாம். தோலில் தடிப்பு, உதடும் கண்ணிமையும் வீங்குதல், வாந்தி, இளைப்பு என்று தொடங்கும். முற்றினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். பால் குடித்ததும் வயிறு உப்பி வயிற்றோட்டம் போகிற குழந்தையின் தொல்லை வேறு. அது பால்சர்க்கரை செரியாமை. அக்குழந்தைக்குத் தயிரோ சிறிதளவு பாலோ பெரும்பாலும் கெடுதி செய்யாது. ஒவ்வாமையுள்ள குழந்தைக்கோ ஒரு கரண்டி மோர்கூட ஆபத்தாக முடியலாம். இந்த இரண்டையும் பிரித்தறியாத வீட்டில் ஒரு குழந்தை வீணாகப் பட்டினி கிடக்கும், இன்னொன்று ஆபத்தில் மாட்டும்.

இந்தியாவில் இத்துறையில் கிடைக்கும் தரவில் கணிசமான பகுதி மைசூரிலிருந்து வந்தது. 1950 அக்டோபரில் செலுவாம்பா மாளிகையில் தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமும், ஜே.எஸ்.எஸ். மருத்துவக் கல்லூரியும் இதில் பலமுறை கைகோத்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘யூரோபிரிவால்’ ஆய்வின் இந்தியக் கிளை பெங்களூரிலும் மைசூரிலும் நடந்தது, பி.ஏ. மகேஷ் அதன் முதன்மை ஆய்வாளர்களுள் ஒருவர். 2016இல் வெளியான பெரியவர்களைப் பற்றிய முடிவின்படி, 26.5 விழுக்காட்டினரின் இரத்தத்தில் ஏதேனும் ஓர் உணவுக்கு எதிரான ஐஜிஇ இருந்தது. ஆனால் தொந்தரவும் சேர்ந்து, ஒவ்வாமை என்று கொள்ளத்தக்கவர்கள் 1.2 விழுக்காடு மட்டுமே. 7 முதல் 10 வயதுக் குழந்தைகளை ஒப்பிட்ட 2020ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஹாங்காங்கில் 1.5, ரஷ்யாவின் டோம்ஸ்க் நகரில் 0.87, இந்தியாவில் 0.14 விழுக்காடு என்று கணக்கு வந்தது.

இந்த எண்களைப் பெற்றோர் இரு வழியில் படிக்கலாம். உண்மையான ஒவ்வாமை நம்மூரில் அரிது. அதைவிட முக்கியம், இரத்தப் பரிசோதனைத் தாளில் ‘பாசிட்டிவ்’ என்று வருவதெல்லாம் நோயல்ல என்பது. நாற்பது, ஐம்பது உணவுகளை ஒரே மூச்சில் சோதித்துத் தரும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கோதுமை, பால், துவரை, தக்காளி என்று வரிசையாக நிறுத்துவதுதான் இன்று நகர வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. எதைத் தின்று, எத்தனை நிமிடத்தில், என்ன ஆயிற்று என்று வீட்டார் சொல்லும் விவரத்தோடு தாள் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் மருத்துவமனையில், மருத்துவர் கண்முன் சிறிது சிறிதாக ஊட்டிப் பார்ப்பதே முடிவான சோதனை.

மைசூர்க்காரர்களின் கத்தரிக்காய் இதற்கு நல்ல சான்று. கத்தரிக்காய்ச் சோறான வாங்கிபாத் இல்லாத விருந்து இந்த ஊரில் குறைவு. கத்தரிக்காய் அரிக்கும் என்ற பேச்சும் ஊரெங்கும் உண்டு. உணவு ஆராய்ச்சி நிலையத்தின் ஒய்.பி. வெங்கடேஷும் மகேஷும் சேர்ந்து 741 பேரிடம் ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு ஏதோ ஓர் எதிர்வினை இருந்தது, பெண்களிடம் கூடுதலாக. ஐஜிஇ வழியான ஒவ்வாமை உறுதியானவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஊர்ப்பேச்சு முழுப்பொய்யுமல்ல, முழு உண்மையுமல்ல. அதே ஆய்வுக்கூடம் மாதுளையும் வளர்ப்புக் காளானும் சிலருக்குக் கடும் எதிர்வினை தந்ததை ஆராய்ந்து, காரணம் மானிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹால் என்று கண்டது. சில மாத்திரைகளிலும் அது சேர்க்கப்படுகிறது என்பதால் இது சமையலறைக்கு வெளியிலும் கவனிக்க வேண்டிய செய்தி.

சமையலறை

பொட்டலங்களின் மேல் ஒவ்வாமைப் பொருள்களைக் குறிக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதி. குளூட்டன் உள்ள தானியம், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலை, மரக்கொட்டைகள், சோயா, சல்ஃபைட் ஆகியவை அதில் உள்ளன. எள் இல்லை, கடுகு இல்லை, கொண்டைக்கடலையும் இல்லை. அமெரிக்காவில் 2023 முதல் எள்ளையும் குறித்தாக வேண்டும். ஐரோப்பாவில் எள், கடுகு இரண்டும் பட்டியலில் உண்டு. நம் அடுப்படியில் தாளிப்பும் கடலைமாவும் இல்லாத நாள் ஏது? ஆகவே பொட்டலத்தின் தடித்த எழுத்தோடு நிற்காமல், சேர்மானப் பட்டியல் முழுவதையும் படிப்பது தவிர வேறு வழியில்லை.

ஒளிந்திருக்கும் பொருள்கள் இன்னும் சிக்கல். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்ந்திருக்கும்; கோதுமை ஆகாத குழந்தையின் சாம்பாருக்கு அது கூடாது. மத்தூர் வடையில் அரிசிமாவோடு மைதாவும் ரவையும் உண்டு. மைசூர்பாகு கடலைமாவும் நெய்யுமாக இரண்டு சந்தேகங்களைச் சேர்த்தே தருகிறது. நெய்யில் கொழுப்புதானே என்று விட முடியாது. உருக்கிய நெய்யிலும் பால்புரதம் சிறிது தங்கும். நன்கு சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் ஏறக்குறைய இல்லை. ஆரோக்கியம் என்று இப்போது தேடி வாங்கும் செக்கு எண்ணெயில் இருக்கும். வேர்க்கடலை ஆகாத வீட்டில் இந்த நாகரிகத்தைத் தள்ளி வைப்பதே புத்தி. எள் ஆகாதவர்களுக்கு நல்லெண்ணெயும் இதே கதை.

வெப்பம் எல்லாப் புரதத்தையும் ஒரேபோல மாற்றுவதில்லை. வறுத்த வேர்க்கடலை அவித்ததைவிடக் கடுமையான எதிர்வினை தருவதை ஆய்வுகள் காட்டுகின்றன. பாலிலும் முட்டையிலும் நிலைமை தலைகீழ்: மாவோடு சேர்த்து நெடுநேரம் சுட்ட கேக் போன்றவற்றைப் பால் ஒவ்வாத குழந்தைகளில் பெரும்பாலோர் தாங்கிக்கொள்கிறார்கள். இதை வீட்டில் பரிசோதிக்கக் கூடாது.

பசும்பால் ஆகாவிட்டால் எருமைப்பால், ஆட்டுப்பால் என்று மாற்றுவது பழைய பழக்கம். புரதங்கள் நெருங்கிய உறவானவை என்பதால் இது உதவாது. எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவுப் பொடி செய்யும் முறையை 1950களில் உருவாக்கிய ஊரும் மைசூர்தான். ஆனால் அது பால் பற்றாக்குறைக்கான விடை, ஒவ்வாமைக்கானதல்ல. ஒரு வயதுக்குள் தாய்ப்பால், இல்லையேல் மருத்துவர் சொல்லும் புரதம் சிதைத்த மாவு. கஞ்சியோ ராகிப்பாலோ மட்டும் அந்த வயதில் போதாது.

அதற்குப் பிறகு ராகி கைகொடுக்கும். 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம், குளூட்டன் கிடையாது. முத்தே என்னும் களி, ரொட்டி, முளைகட்டிய மால்ட் என்று எப்படியும் கொடுக்கலாம். சைவக் குடும்பத்தில் பாலை நிறுத்தினால் பி12 வருவதற்கு வழியே அடைபடும் என்பதைப் பலரும் மறக்கிறார்கள். மாற்று ஏற்பாடு செய்யாமல் எந்த உணவையும் நிறுத்தக் கூடாது.

வீட்டுக்கு வெளியே

மகர சங்கராந்தியன்று மைசூர்த் தெருக்களில் பெண்பிள்ளைகள் புத்தாடையோடு வீடு வீடாக எள்ளு-பெல்ல கொண்டு போவார்கள்: எள், வேர்க்கடலை, பொட்டுக்கடலை, கொப்பரை, வெல்லம். ஒவ்வாமைப் பட்டியலையே கலந்து கையில் கொடுப்பது போலிருக்கும். வாங்காமலிருப்பது மரியாதையல்ல. வாங்கித் தாயிடம் கொடுத்துவிடு என்று சொல்லித்தந்தால் நாலு வயதுக் குழந்தையும் கற்றுக்கொள்ளும். கோயில் பஞ்சாமிர்தத்துக்கும் இதே வழி. பாட்டிமாரை இணங்க வைப்பதுதான் கடினம். ‘கொஞ்சூண்டு கொடுத்தா என்ன ஆயிடும்’ என்ற அன்புக்கு எதிராக, மருத்துவர் வாயால் ஒருமுறை சொல்ல வைப்பது தாயின் நூறு விளக்கங்களைவிடப் பலிக்கும்.

கர்நாடக அரசுப் பள்ளியில் 2013இல் தொடங்கிய க்ஷீரபாக்யா திட்டப்படி பால் உண்டு. முட்டையும், அது உண்ணாதவர்களுக்கு வாழைப்பழமோ வேர்க்கடலை மிட்டாயோ தரப்பட்டிருக்கின்றன. சத்துக்குறைவுள்ள பெரும்பான்மைக்கு இவை அவசியம், நிறுத்தச் சொல்வது நியாயமாகாது. இந்த ஒரு குழந்தைக்கு எது கூடாது என்று எழுத்தில், கன்னடத்திலேயே, வகுப்பாசிரியரிடமும் சமையல் செய்பவரிடமும் கொடுத்து வைக்க வேண்டும். டிபன் டப்பாவைப் பகிர்ந்துண்ணும் பழக்கத்தைப் பற்றியும் குழந்தையிடம் பேச வேண்டியிருக்கும்.

கடும் எதிர்வினைக்கு மருந்து அட்ரினலின் ஒன்றே. அரிப்புக்கான மாத்திரையும் சிரப்பும் மூச்சுத்திணறலை நிறுத்தாது. மேலை நாடுகளில் பேனா வடிவ ஊசி பையிலேயே இருக்கும். இந்தியாவில் அது எளிதில் கிடைப்பதில்லை. எனவே மருத்துவர் எடைக்கேற்ப, கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் கணக்கில், அளவு குறித்துத் தரும் மருந்தையும் சிரிஞ்சையும் வைத்துக்கொண்டு, தொடையின் வெளிப்புறத் தசையில் போடப் பெற்றோர் பழக வேண்டும். போட்டபின் குழந்தையைப் படுக்கவைத்து, மூச்சுத் திணறினால் உட்காரவைத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

ஆகாரங்களைத் தள்ளிப் போடுவது ஒவ்வாமையைத் தடுக்கும் என்பது பழைய கருத்து. 2015இல் லண்டனில் 640 கைக்குழந்தைகளிடம் நடந்த ஆய்வு, வேர்க்கடலையைச் சீக்கிரமே பழக்கியவர்களுக்கு ஒவ்வாமை வெகுவாகக் குறைவதைக் காட்டிய பின் அறிவுரை மாறிவிட்டது. வந்துவிட்ட ஒவ்வாமையும் எப்போதும் நிலைப்பதில்லை. பால், முட்டை, கோதுமை ஒவ்வாமை பெரும்பாலும் பள்ளிப் பருவத்துக்குள்ளோ அதற்குச் சற்றுப் பின்னரோ மறையும். வேர்க்கடலை, மரக்கொட்டை, மீன் பெரும்பாலும் தொடரும். ஆண்டுக்கொருமுறை மறுபரிசோதனை செய்தால்தான் எந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தலாம் என்று தெரியும்.