பழைய சப்பாத்தும் ஒரு வரலாற்றுச் சான்றுதான்

மாணவர்களே, காலணியை நாம் பேச்சில் ‘சப்பாத்து’ என்றுதானே சொல்கிறோம்? அது போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்த சொல். மலாய் மொழியில் உள்ள ‘செப்பாத்து’ என்ற சொல்லுக்கும் மூலம் அதுவே. ஒரு சொல்லுக்குள்ளேயே கடல் வாணிகத்தின் தடம் இருக்கு. அப்படியானால் பொருளுக்குள் எவ்வளவு இருக்கும்?

ஆண்கள் அலுவலகத்துக்கும் விருந்துக்கும் அணிந்த பழைய தோல் சப்பாத்துகளைத் தேடிச் சேகரிப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். “பழசுக்குப் போய் ஏன் இவ்வளவு காசு?” என்று நாம் கேட்போம். ஆனால், அவர்கள் ஒரு சப்பாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் விதம், சான்று அடிப்படையிலான கேள்விக்கு நீங்கள் விடை தேடவேண்டிய விதமேதான்.

ஆண்டு எழுதப்படாத ஓர் ஆங்கிலேயச் சப்பாத்து உங்கள் மேசைமேல் இருக்குன்னு வைச்சுக்குங்க. எங்கிருந்து தொடங்குவீர்கள்?

முதல் தடயம்: முத்திரை

அடிப்பாகத்தில் ஒரு முத்திரை தெரிகிறது. ஒரு துண்டு வெட்டி எடுத்த வட்டம்போல இரண்டு ‘சி’ எழுத்துகள். பக்கத்தில் 41 என்ற எண். “அப்போ இது 1941-இல் செய்தது” என்று எழுதிவிடாதீங்க. இங்குதான் பலர் தவறுகிறார்கள். இது இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் அரசு தன் சிக்கன உற்பத்தித் திட்டத்துக்குக் கொண்டுவந்த முத்திரை. திட்டம் தொடங்கியது 1941, முடிந்தது 1952. எனவே, இந்தச் சப்பாத்து அந்த இடைக்காலத்தில் எப்போது வேண்டுமானாலும் செய்யப்பட்டிருக்கலாம். சான்று காட்டுவது ஒரு கால எல்லையை மட்டுமே.

அந்தக் காலத்தின் நெருக்கடியும் இதில் தெரிகிறது. 1941 ஜூன் 1-இல் அங்கே துணிக்கும் காலணிக்கும் பங்கீடு தொடங்கியது. பெரியவர் ஒருவருக்கு முதல் ஆண்டில் கிடைத்தவை 66 கூப்பன்கள். ஆண்களின் ஒரு ஜோடி சப்பாத்துக்கு மட்டும் 7 கூப்பன்கள் போய்விடும்; காசு தனி.

இரண்டாம் தடயம்: தையல்

விளிம்பைப் பாருங்க. மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் இடையே ஒரு மெல்லிய தோல்பட்டை சுற்றி ஓடுகிறது. மேல்தோலும் உள்ளடியும் இந்தப் பட்டையோடு தைக்கப்படும். அடித்தோல் தனியாக இதே பட்டையில் தைக்கப்படும். இதை இயந்திரத்தால் செய்யும் முறை அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வளர்ந்தது. சார்ல்ஸ் குட்இயர் ஜூனியர் பெயரால் இன்றும் ‘குட்இயர் வெல்ட்’ எனப்படுகிறது.

இதனால் என்ன பயன்? அடித்தோல் தேய்ந்தால் அதை மட்டும் பிரித்து மாற்றலாம், மேல்தோலுக்குச் சேதமில்லை. எண்பது ஆண்டுப் பழைய சப்பாத்தை இன்றும் அணிய முடிவதற்கு இது முக்கியக் காரணம். ஆனால், ஒரு எச்சரிக்கை: அடித்தோலை மாற்றும்போது அதிலிருந்த முத்திரையும் போய்விடும். பழுதுபார்த்த பொருள் பாதி பழைய சான்று, பாதி புதிய சான்று. அதனால்தான் சேகரிப்பாளர்கள் உள்பக்கத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

சான்று சொல்லாதது

சப்பாத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்கும், அளவு இருக்கும். செய்தவர் பெயர்? பெரும்பாலும் இருக்காது.

பாத வடிவ மரக்கட்டைமேல் மேல்தோலை இழுத்துப் பொருத்துவதுதான் இத்தொழிலில் மிகக் கடினமான வேலை. நெடுங்காலம் அது கைவேலையாகவே இருந்தது. தேர்ந்த தொழிலாளி ஒருவர் ஒரு நாளில் ஏறக்குறைய 50 ஜோடி முடிப்பார். மற்ற வேலைகளுக்கெல்லாம் இயந்திரம் வந்தபிறகும், இந்த வேலைக்கு வரவில்லை.

அதைச் செய்துகாட்டியவர் யான் மாட்செலிகர். 1852-இல் தென் அமெரிக்காவின் சூரினாமில் பிறந்தவர். தாய் கறுப்பினத்தவர், தந்தை டச்சுக்காரர். கப்பலில் வேலை செய்து அமெரிக்கா சேர்ந்து, லின் என்ற நகரத்தின் சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலைக்குப் போனார். ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழி அல்ல, படித்துக் கற்றுக்கொண்டார். இரவுகளில் சுருட்டுப் பெட்டிகளையும் மரத்துண்டுகளையும் வைத்து மாதிரி செய்தார். அவருடைய வரைபடங்கள் அவ்வளவு சிக்கலானவை. காப்புரிமை அலுவலகம் ஓர் அதிகாரியை நேரில் அனுப்பி இயந்திரத்தைப் பார்த்துவரச் சொன்னது. 1883 மார்ச் 20-இல் காப்புரிமை கிடைத்தது. அந்த இயந்திரம் ஒரு நாளில் 150 முதல் 700 ஜோடி வரை முடித்தது. சப்பாத்தின் விலை குறைந்தது. சாதாரண மக்களும் நல்ல தோல் சப்பாத்து வாங்க முடிந்தது.

மாட்செலிகர் 1889-இல் காசநோயால் இறந்தார். அப்போது அவருக்கு 37 வயதுகூட நிறையவில்லை. முதலீட்டுக்காகத் தம் உரிமையின் பெரும்பங்கை முன்பே விட்டுக்கொடுத்திருந்தார். அமெரிக்க அஞ்சல்துறை அவருக்குத் தலை வெளியிட்டது 1991-இல்தான்.

எந்தச் சப்பாத்தையும் திருப்பிப் பாருங்க, அவர் பெயர் கிடைக்காது. ஆகவே “இந்தச் சான்று என்ன சொல்கிறது?” என்பதோடு நிறுத்தாதீர்கள். “யாரைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறது?” என்றும் கேளுங்கள். நல்ல விடைக்கும் சிறந்த விடைக்கும் உள்ள வேறுபாடு அந்த இரண்டாவது கேள்வியில் இருக்கு.

வகுப்பறை நடவடிக்கை

ஆசிரியர்களே, தாத்தாவின் சப்பாத்து, பழைய கைக்கடிகாரம், தையல் இயந்திரம் என வீட்டிலுள்ள ஒரு பழைய பொருளை மாணவர்கள் கொண்டுவரட்டும். மூன்று கேள்விகள் போதும்:

1. இதில் நேரடியாகத் தெரிவது என்ன?
2. அதிலிருந்து எதை ஊகிக்கலாம்? எதை ஊகிக்கக்கூடாது?
3. இதைச் செய்தவர்களைப் பற்றி அறிய வேறு எந்தச் சான்று வேண்டும்?