மில்லிக்கன்

மில்லிக்கன், கனடாவின் ரொறன்ரோ மாநகரில் ஸ்காபரோவின் வட எல்லையை ஒட்டி அமைந்த குடியிருப்பு மற்றும் வணிகப் பகுதியாகும். ஸ்டீல்ஸ் அவெனியூ என்னும் பெருஞ்சாலை இதனை ஊடறுத்துச் செல்வதால், அச்சாலைக்குத் தெற்கே உள்ள பகுதி ரொறன்ரோவின் ஆட்சியிலும் வடக்கே உள்ளது மார்க்கம் நகரின் ஆட்சியிலும் அடங்கும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடியேறிய நார்மன் மில்லிக்கனின் குடும்பப் பெயரே ஊர்ப்பெயராயிற்று. 1871இல் ரொறன்ரோ–நிப்பிசிங் ரயில் பாதை திறக்கப்பட்ட பின்னரும் நூறாண்டளவு இது பெரும்பாலும் விளைநிலமாகவே நீடித்தது.

1967இல் 'பரோ' எனப்படும் தனி நகராட்சித் தகுதியும் 1983இல் மாநகரத் தகுதியும் பெற்று, 1998இல் ரொறன்ரோவுடன் இணைக்கப்பட்ட ஸ்காபரோ, இரண்டாம் உலகப் போருக்குப் பின் எக்லிங்டன் அவெனியூவை ஒட்டிய 'கோல்டன் மைல்' தொழிற்சாலைகளால் வளர்ந்ததாகும். அங்கிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் வேன் தொழிற்சாலை 1993இல் மூடப்பட்டது. மில்லிக்கனில் அத்தகைய பேராலைகள் இல்லை. சிறு பட்டறைகளும் பண்டகசாலைகளும் நிரம்பிய தாழ்ந்த கட்டடங்களே இருந்தன. குறைந்த செலவில் பெரிய இடம் தேடிய குடிவரவாளருக்கு இத்தகைய கட்டடங்கள் வாய்ப்பாக அமைந்ததால், வழிபாட்டிடங்களும் விருந்து மண்டபங்களும் நடன வகுப்புகளும் அவற்றில் இடம்பிடித்தன.

ஹொங்கொங்கைச் சீனாவிடம் ஒப்படைக்க 1984இல் உடன்பாடு ஏற்பட்டதும், இலங்கையில் 1983 ஜூலை வன்செயலும் அதைத் தொடர்ந்த போரும் மூண்டதும், ஹொங்கொங் சீனர், இலங்கைத் தமிழர் ஆகிய இரு பெரும் சமூகங்களை ஏறத்தாழ ஒரே காலத்தில் இத்திசைக்குக் கொண்டுவந்தன. மிடில்ஃபீல்ட் சாலையில் உள்ள ஐயப்பன் ஆலயம் இங்குள்ள தெற்காசியரின் முக்கிய வழிபாட்டிடங்களுள் ஒன்று.

பகுதியின் புத்துயிர்ப்பை விளக்கச் சிறந்த சான்று, ஸ்டீல்ஸ்–கென்னடி சந்தியின் அருகே, மார்க்கம் பக்கத்தில், 1990களின் நடுவில் எழுந்த பசிபிக் மால் ஆகும். இதன் நானூறுக்கும் மேற்பட்ட கடைகள் கொண்டோமினியம் முறையில், அதாவது ஒவ்வொரு கடையும் தனி உரிமையாளருக்கு விற்கப்பட்டு, பொதுப் பராமரிப்பை மட்டும் அனைவரும் பகிரும் ஏற்பாட்டில், அமைந்தவை. அருகிலிருந்த மார்க்கெட் வில்லேஜ் கடைத்தொகுதியில் வணிகர் வாடகைக்கே இருந்தமையால், மனைகளை மறுசீரமைக்க உரிமையாளர் முனைந்தபோது அது 2018இல் மூடப்பட்டது. பல உரிமையாளர் இருப்பதால் பசிபிக் மாலைப் புதுப்பிக்க இணக்கம் காண்பது கடினமாயினும், சிறு வணிகரை எளிதில் அகற்ற இயலாத அரணும் அதுவேயாகும்.

மில்லிக்கன் ரயில் நிலையம் 2005இல் ஸ்டீல்ஸ் அவெனியூவின் தெற்கே இடம்பெயர்ந்தது. அது அமைந்துள்ள ஸ்டஃப்வில் தடத்தில் ரயில்களை அடிக்கடி இயக்கும் திட்டத்தால் நிலையச் சூழலில் அடுக்குமாடிகளுக்கான நாட்டம் மிகுகிறது. மில்லிக்கனை வளர்த்தது மாநகரத் திட்டத்தைவிட வணிகரின் சொந்த முதலீடே என்பதால், புதிய கட்டடங்களின் தரைத்தளங்களில் சிறு கடைகளுக்கும் ஆலயங்களுக்கும் அவை தாங்கக்கூடிய விலையில் இடம் உறுதிசெய்யப்படுவது அவசியமாகும்.