திண்ணைக் கூலி முதல் பணி ஒப்பந்தம் வரை: சேலம் – நாமக்கல் சமவெளியில் தனியார் பள்ளி ஆசிரியர் நியமன ஆவணங்களின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் தனியார் பள்ளிகள் தேர்ச்சி விழுக்காட்டால் பெயர் பெற்றவை. அப்பள்ளிகளில் பணியாற்றுவோரின் நியமன ஆவணங்கள் ஆய்வாளர் கவனத்தை அவ்வளவாகப் பெறவில்லை. ஆசிரியரைக் காக்கும் கருவியாகத் தோன்றிய எழுத்து ஒப்பந்தம் எவ்வாறு அவரைப் பிணிக்கும் கருவியாகவும் மாறியது என்பதைச் சட்டங்கள், விதிகள், நீதிமன்றத் தீர்ப்புகள் ஆகியவற்றின் துணையுடன் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தனியார் பள்ளி, நியமன ஆணை, அசல் சான்றிதழ், பாக்கி முறை, பணிக்கொடை

திண்ணையும் மானியமும்

திண்ணைப் பள்ளி ஆசிரியருக்கு நியமன ஆணை என்று ஒன்று இருந்ததில்லை. ஊர்ப் பெரியோரின் வாய்ச்சொல்லே ஒப்பந்தம். தானியமும் சிறு காசும் பண்டிகைக்கால வரிசையுமே ஊதியம். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டு சூன் திங்களில் மாவட்டந்தோறும் பள்ளிகளின் நிலையைக் கேட்டறியுமாறு ஆணையிட்டார். 1826 மார்ச் 10ஆம் நாள் எழுதிய குறிப்பில், ஆசிரியர்கள் பொதுவாகத் திங்களுக்கு ஆறு அல்லது ஏழு ரூபாய்க்கு மேல் ஈட்டுவதில்லை என்றும், தகுதியுடையோரை இத்தொழிலுக்கு ஈர்க்க அது போதாது என்றும் பதிவு செய்தார். அரசு ஊதியம் பெறும் ஆசிரியர்களை அமர்த்தவும் அவர் திட்டமிட்டார். மாவட்டத் தலைநகர் ஆசிரியருக்குப் பதினைந்து ரூபாய், வட்ட ஆசிரியருக்கு ஒன்பது ரூபாய் என்பது அவர் வகுத்த அளவு. அத்திட்டம் நிலைக்கவில்லை. மன்றோவுக்கு இப்பகுதி புதியதன்று. 1792 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீடின் கீழ்ப் பாராமகாலில் வருவாய்ப் பணியாற்றி, பின்னாளில் சேலம் மாவட்டமாக அமைந்த நிலத்தின் பொருளாதாரத்தை நேரில் கண்டவர் அவர். மேற்கண்ட கணிப்பின் பின்னால் அந்த அனுபவமும் இருந்தது எனக் கொள்வது பிழையாகாது.

1854ஆம் ஆண்டின் உட் அறிக்கையைத் தொடர்ந்து உதவி மானிய முறை வந்தது. அரசு தனியார் பள்ளிக்குப் பணம் தரும். பள்ளி கணக்குக் காட்ட வேண்டும். ஆசிரியரின் கையொப்பம் அலுவலக ஏட்டில் ஏறியதற்கு இதுவே அடிப்படை. இங்கிலாந்தில் 1862இல் வந்த 'தேர்ச்சிக்கேற்ற ஊதியம்' என்னும் கோட்பாடு சென்னை மாகாணத்தின் தொடக்கப் பள்ளிகளிலும் நடைமுறைக்கு வந்தது. மாணவர் ஆய்வாளர் முன் தேறினால் மானியம் உண்டு. தேறாவிடில் ஆசிரியரின் வருவாய் குறையும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிடப்பட்ட இம்முறை, நூறாண்டு கழித்துத் தேர்ச்சி விழுக்காட்டை ஊதிய உயர்வின் அளவுகோலாக்கிய பள்ளிகளில் வேறு பெயரில் உயிர்த்தெழுந்தது என்றே சொல்லலாம்.

மானிய முறை மற்றொரு பழக்கத்தையும் வளர்த்தது. ஏட்டில் ஒரு தொகைக்குக் கையொப்பமிட்டு அதனினும் குறைந்த தொகையைக் கையில் பெறுவதே அது. கேரளத்தில் சோசப் முண்டசேரி கல்வி அமைச்சராக இருந்தபோது 1957இல் கொணர்ந்த கல்வி மசோதா, உதவிபெறும் பள்ளி ஆசிரியருக்கு அரசே நேரடியாக ஊதியம் வழங்க வகை செய்தது. இப்பழக்கத்தை ஒழிப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. தமிழ்நாட்டில் இதற்கிணையான திருப்பம் 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அங்கீகரிக்கப்பட்ட தனியார் பள்ளிகள் (ஒழுங்குமுறை) சட்டத்தால் நேர்ந்தது. அதன் 22ஆம் பிரிவின்படி, உரிய அலுவலரின் முன்னிசைவின்றி ஓர் ஆசிரியரைப் பணிநீக்கம் செய்யவோ பதவியிறக்கம் செய்யவோ இயலாதாயிற்று. பள்ளிக்குழுவுக்கும் ஆசிரியருக்கும் இடையிலான ஒப்பந்தத்திற்கு விதிகளில் படிவமும் வகுக்கப்பட்டது. இங்கு எழுத்து ஆசிரியர் பக்கம் நின்றது.

சட்டத்திற்கு வெளியே ஒரு வளர்ச்சி

ஆயின் நாமக்கல் வட்டாரத்தின் பெருவளர்ச்சி இச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிகழ்ந்தது. மெட்ரிகுலேசன் பள்ளிகள் 1970களின் பிற்பகுதியில் பல்கலைக்கழகப் பொறுப்பிலிருந்து மாநில அரசின் பொறுப்புக்கு வந்தபோது, அவற்றுக்கெனத் தனி நெறிமுறைத் தொகுப்பு உருவாக்கப்பட்டது. அது சட்டமன்றம் இயற்றிய சட்டமன்று. நிருவாக ஆணை மட்டுமே. 1978இல் மேல்நிலைக் கல்வி அறிமுகமானது. 1997 சனவரி 1 முதல் நாமக்கல் தனி மாவட்டமாகச் செயற்படத் தொடங்கியது. இராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் நகரங்களைச் சுற்றி விடுதியுடன் கூடிய பள்ளிகள் எழுந்தன. கோழிப்பண்ணை, சரக்குந்துத் தொழில், ஆழ்துளைக் கிணறு தோண்டும் தொழில் ஆகியவற்றில் முதலீட்டுப் பழக்கம் ஊறிய மண் இது. பள்ளியையும் அக்கண்ணோடு பார்த்தோர் இருந்ததில் வியப்பில்லை.

2007ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத்தேர்வு நீங்கியபின், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டுமே மருத்துவ, பொறியியல் இடங்களைத் தீர்மானித்தது. இயற்பியல், வேதியியல், உயிரியல் கற்பிக்கும் முதுகலை ஆசிரியரின் சந்தை மதிப்பு உயர்ந்தது. நல்ல ஆசிரியரை அடுத்த பள்ளி கூடுதல் ஊதியம் காட்டி அழைத்தது. கல்வியாண்டின் நடுவே அவர் விலகினால் விளம்பரப் பலகையில் காட்டும் மதிப்பெண் சரியும் என்ற அச்சம் தாளாளர்களுக்கு உண்டாயிற்று. ஆசிரியரைப் பிணிக்கும் ஆவணங்கள் பெருகியதற்கு இவ்வச்சமே தலையாய காரணம் என்பது என் கருத்து. மாநில அளவிலான தரவரிசை அறிவிப்பு 2017இல் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் மருத்துவச் சேர்க்கைக்கு நீட் தேர்வு கட்டாயமாயிற்று. விளம்பரத்தின் மொழி மாறியதேயன்றி அச்சம் நீங்கவில்லை.

பாக்கியும் பிணையும்

இவ்வட்டாரத்திற்குப் பிணைப்பு புதிதன்று. குமாரபாளையம், பவானி விசைத்தறித் தொழிலில் நிலவும் 'பாக்கி' முறையை மானிடவியலாளர் கீர்ட் டி நேவ் விரிவாக ஆராய்ந்துள்ளார். தறிக்காரர் உரிமையாளரிடம் முன்பணம் பெறுகிறார். அது தீரும்வரை அல்லது அடுத்த உரிமையாளர் அதைத் தீர்க்கும்வரை அவர் அங்கேயே உழைக்கிறார். பள்ளியில் இம்முறை தலைகீழாக நிற்கிறது. தறிக்காரர் பணம் வாங்கிப் பிணைபடுகிறார். ஆசிரியரோ ஒன்றும் வாங்காமல், பட்டச் சான்றிதழையும் கல்வியியல் பட்டத்தையும் மதிப்பெண் பட்டியலையும் தாமே ஒப்படைத்துப் பிணைபடுகிறார். சில இடங்களில் முதல் மாத ஊதியம் வைப்புத்தொகையாக நிறுத்தப்படுகிறது. நாள் குறிக்காத பணிவிலகல் கடிதம், நிரப்பப்படாத புரோநோட்டு ஆகியவற்றில் கையொப்பம் பெறுவதும் உண்டு.

இவை ஒவ்வொன்றின் சட்டநிலையும் வேறு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 171ஆம் பிரிவில், பிறர் பொருளைப் பொதுப் பாக்கிக்காகப் பிடித்து வைத்திருக்கும் உரிமை யாருக்கு உண்டு என வரையறுக்கிறது. வங்கியர், தரகு முகவர், துறைமுகப் பண்டகக் காப்பாளர், உயர்நீதிமன்ற வழக்குரைஞர், காப்பீட்டுத் தரகர் என்போரே அவர்கள். பள்ளித் தாளாளர் அப்பட்டியலில் இல்லை. சரிபார்த்தபின் அசல் சான்றிதழைத் திருப்பித் தராமல் வைத்திருக்க இப்பிரிவு அவருக்கு உரிமை எதையும் தரவில்லை. குறிப்பிட்ட காலம் பணியாற்றுவதாக எழுதித்தரும் உறுதிமொழியோ அவ்வாறு எளிதில் தள்ளத்தக்கதன்று. பணிக்காலத்தினுள் செல்லும் கட்டுப்பாடு 27ஆம் பிரிவு விலக்கும் தொழில் தடையாகாது என உச்சநீதிமன்றம் 1967இல் கோலிகரி வழக்கில் கூறியது. 2025 மே திங்களில் விசயா வங்கி வழக்கில், மூன்றாண்டுப் பணிக் கட்டுப்பாட்டையும் இரண்டு இலட்ச ரூபாய் இழப்பீட்டையும் அது ஏற்றது. ஆனால் அது பொதுத்துறை வங்கியின் ஆளெடுப்புச் செலவைக் கருதிய தீர்ப்பு. இருபதாயிரம் ரூபாய் ஊதியத்திற்குச் சேரும் ஆசிரியரிடம் ஓராண்டு ஊதியத்தைத் தண்டமாகக் கேட்பது, 74ஆம் பிரிவு கூறும் நியாயமான இழப்பீட்டு வரம்புக்குள் அடங்குமா என்பது தனி வினா.

எல்லாவற்றினும் இடர் மிக்கது நிரப்பப்படாத புரோநோட்டே. முத்திரைத்தாளில் வெற்றிடம் விட்டுக் கையொப்பமிட்டுக் கொடுப்பவர், அதனை நிரப்பும் அதிகாரத்தையும் முதல் நோக்கில் கொடுத்தவராகிறார் என்கிறது 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 20ஆம் பிரிவு. கைம்மாறு பெற்றே எழுதப்பட்டது என்ற ஊகமும் 118ஆம் பிரிவால் அதற்குத் துணை நிற்கிறது. பெறாத கடனைப் பெறவில்லை என்று மெய்ப்பிக்கும் சுமை ஆசிரியர் தலையில் விழும். சான்றிதழ் போனால் மறுபடி பெறலாம். இக்கையொப்பத்தை மீட்பது அரிது.

வழக்காடு மன்றம் எது?

ஆசிரியர் எங்கே முறையிடுவது? ஆசிரியர் தொழிற்தகராறுச் சட்டத்தின் பொருளில் 'தொழிலாளி' அல்லர் என 1988இல் சுந்தராம்பாள் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியதால் தொழிலாளர் நீதிமன்றக் கதவு அடைபட்டது. சட்டத்தின் ஆதரவில்லாத வெறும் பணி ஒப்பந்தத் தகராறுக்காக உதவிபெறாத தனியார் பள்ளி மீது நீதிப்பேராணை கோர இயலாது என 2022இல் புனித மேரி கல்விக் கழக வழக்கு உரைத்தது. எஞ்சுவது உரிமையியல் நீதிமன்றம். ஆங்கே பேசுவது தாள் மட்டுமே. அத்தாளில் வேலை தருபவர் யார், பள்ளியா அறக்கட்டளையா, ஒரே அறக்கட்டளையின் வேறு பள்ளிக்கு மாற்றலாமா, தகுதிகாண் பருவம் எவ்வளவு, அறிவிப்புக் காலம் இருபுறமும் சமமா என்பனவே வழக்கின் போக்கைத் தீர்மானிக்கும். தமிழ்வழிக் கற்ற ஆசிரியருக்கும் இத்தாள் ஆங்கிலத்திலேயே தரப்படுவது வழக்கம்.

அண்மைக் காலத்தில் 'இன்டர்நேசனல் ஸ்கூல்' என்னும் பெயர் சேலம் புறவழிச் சாலைகளிலும் மிகுந்துள்ளது. பெயரில் பன்னாடு இருந்தாலும் பாடத்திட்டம் பெரும்பாலும் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தினுடையதே. அவ்வாரியத்தின் பழைய இணைப்பு விதிகளே பணியாளருடன் எழுத்து ஒப்பந்தம் செய்ய வேண்டும் என்றன. ஓராண்டுத் தகுதிகாண் பருவத்தையும் வகுத்தன. மெட்ரிகுலேசன், மத்திய வாரியம் உள்ளிட்ட தனியார் பள்ளிகளை ஒரே குடையின்கீழ்க் கொணரும் நோக்குடன் 2018ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் பள்ளிகள் (ஒழுங்குமுறை) சட்டம் இயற்றப்பட்டது. அதற்கான விதிகள் 2023இல்தான் வந்தன.

வளைகுடாவுக்கோ மாலத்தீவுக்கோ செல்ல விரும்பும் ஆசிரியருக்கு இந்தத் தாள்களின் மதிப்பு திடீரெனத் தெரிகிறது. அசல் பட்டமும் பணி அனுபவச் சான்றும் இன்றிச் சான்றொப்பம் பெற இயலாது. உள்ளூரில் ஒரு கோபத்தில் மறுக்கப்பட்ட அனுபவச் சான்று, அயல்நாட்டில் ஐந்தாண்டு அனுபவத்தை இல்லாததாக்கிவிடும்.

கொடுபடாத பணிக்கொடை

வருங்கால வைப்புநிதிச் சட்டம் 1982 முதல் கல்வி நிறுவனங்களுக்கும் பொருந்துகிறது. 2014இல் ஒவ்வொரு உறுப்பினருக்கும் நிலையான பொதுக் கணக்கு எண் வழங்கப்பட்டபின், பணிவரலாறு பள்ளி அலமாரியை விட்டு வெளியே வந்தது. முதன்முறையாக ஆசிரியரின் பணிச் சான்று தாளாளர் மனத்தைச் சாராததாயிற்று. ஆனால் கையில் தருவதும் கணக்கில் காட்டுவதும் வேறாக இருக்கும் இடத்தில் அப்பதிவும் அரைப்பதிவே. மானியக் காலத்தில் ஏட்டுத் தொகை மிகுந்தும் கைத்தொகை குறைந்தும் இருந்தது. இன்று சில இடங்களில் ஏட்டுத் தொகை குறைகிறது, வைப்புநிதிப் பங்கைச் சுருக்குவதற்காக.

பணிக்கொடையின் கதை இன்னும் நீண்டது. ஆசிரியர் பணிக்கொடைச் சட்டத்தின் 'பணியாளர்' வரையறைக்குள் வரார் என உச்சநீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்தது. நாடாளுமன்றம் 2009இல் அச்சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் பின்னோக்கிச் செல்லும்படி ஆசிரியரைச் சேர்த்தது. தனியார் பள்ளிகள் எதிர்த்தன. 2022 ஆகஸ்டு 29ஆம் நாள் உச்சநீதிமன்றம் அத்திருத்தத்தை ஏற்று, ஆறு வாரங்களில் வட்டியுடன் வழங்குமாறு கூறியது. நாமக்கல் மாவட்டம் பிறந்த நான்காம் திங்களிலிருந்தே இவ்வுரிமை தொடங்குகிறது என்பது தற்செயல்தான். எனினும் 1997 சூனில் பணியில் சேர்ந்த ஆசிரியர் ஒருவரின் முழுப் பணிக்காலமும் அதனுள் அடங்கும். ஐந்தாண்டுத் தொடர்பணியை மட்டும் அவர் காட்ட வேண்டும். ஏப்ரலில் விடுவித்துச் சூனில் புதிய ஆணை தரும் வழக்கம் இருந்த பள்ளியில், ஆண்டுதோறும் வாங்கிக் கிழித்தெறிந்த அந்தப் பழைய நியமன ஆணைகளே இப்போது தேடப்படும் ஆவணங்கள்.